இறங்கிய எடை திரும்ப ஏறியபோது: என் அக்காவின் நான்கு வருடக் கணக்கு

கும்பகோணத்தில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கும் என் அக்கா 2021 ஜூலையில் 86 கிலோ இருந்தாள். 2023 பிப்ரவரியில் 67. 2024 ஜூனில் 76. இந்த மூன்று எண்களுக்கு நடுவிலும் அதற்குப் பிறகும் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். முதல் பாதியை வேகமாகக் கடந்துவிடுவேன், ஏனென்றால் எடை குறைத்த கதை எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது, குறைத்தது திரும்ப ஏறிய பிறகு ஒருத்தி எப்படி எழுந்தாள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நான் உணவியல் படித்தவள், ஒரு சின்ன கிளினிக்கில் பத்து வருடமாக ஆலோசனை சொல்கிறேன். இதில் தவறு செய்தவர்களில் நானும் ஒருத்தி, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அக்கா படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் இது வெளியே வருகிறது.

தொடங்கியபோது அவளுக்கு வயது 44. உயரம் 155 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 36, இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கு. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.2, அதாவது சர்க்கரை நோய்க்கு வாசற்படி வரை வந்தாகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து கடைசிக் காலத்தில் பட்ட பாட்டை இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், அதனால் பயம் அவளுக்குத் தானாகவே இருந்தது. சோற்றைப் பாதியாக்கி காய்கறியை இரண்டு மடங்காக்கினோம், காலை ஐந்தேகாலுக்கு மகாமகக் குளத்தை எட்டுச் சுற்று, மாலையில் சுண்டலோ அவித்த முட்டையோ. 20 மாதத்தில் 19 கிலோ இறங்கியது. மாதம் ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு, நல்ல வேகம்தான். இடுப்பளவு 41 இஞ்சிலிருந்து 34½க்கு வந்தது, சர்க்கரை 5.6க்கு வந்தது.

அந்த நேரத்தில் அவள் செய்த ஒரு காரியத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளவுஸ் தைக்கிறவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டில் உள்ளே கொஞ்சம் துணி விட்டு, மூன்று வரிசை தையல் போட்டுத்தான் கொடுப்பார்கள். உடம்பு பூசினால் ஒரு வரிசையைப் பிரித்தால் போதும், புதிதாகத் தைக்க வேண்டாம். அக்கா தன் பழைய பிளவுஸ்களை எல்லாம் பிடித்துத் தைத்துவிட்டு, ஆறு பிளவுஸில் உள்ளே இருந்த மிச்சத் துணியை வெட்டி எடுத்துவிட்டாள். "இனிமே இது எதுக்குடி" என்றாள். எனக்கும் அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விழுந்தது

2023 செப்டம்பரில் பின்கட்டில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். வலது பாதத்தில் ஒரு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. தையல்காரர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மோட்டார் வைத்த மெஷினை இடது காலால் அழுத்திக்கொண்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ராத்திரி ஒரு மணி வரை தைத்தாள். நடை நின்றது. தூக்கம் நாலரை மணி நேரம். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு பத்தரைக்கு மேல், நடுவில் ஐந்து காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே பிஸ்கட், தீபாவளி நெருங்க நெருங்கத் துணி வாங்க வருகிறவர்கள் பாசத்தோடு கொண்டு வந்து வைக்கிற முறுக்கும் அதிரசமும்.

மூன்று கிலோ ஏறியது. இப்படி ஒரு இரண்டு மாதம் வந்தால் மூன்று கிலோ யாருக்கும் ஏறும், அதை ஒரு விஷயமாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அவளுடைய எடை நோட்டை இப்போதும் வைத்திருக்கிறாள், பச்சை அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு வரி. கடைசி வரி 2023 நவம்பர் 4, 69.8. அதற்கு அடுத்த வரியின் தேதி 2024 ஜூலை 20. நடுவில் எட்டு மாதத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. எடை பார்க்கும் மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, அதன் மேல் ஒரு பழைய துணி மூட்டை.

ஏறிய ஒன்பது கிலோவைவிட இந்த எட்டு மாத வெற்றிடம்தான் உண்மையான சறுக்கல் என்று நான் இப்போது நினைக்கிறேன். அவள் சோம்பேறி ஆகிவிடவில்லை, அந்த எட்டு மாதமும் தினம் பத்து மணி நேரம் உழைத்தவள்தான். தன் எடையைத் தானே பார்க்கிற தைரியம்தான் போய்விட்டது. பார்க்காததால் ஏறியது, ஏறியிருக்கும் என்று தெரிந்ததால் பார்க்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் குளத்துக்குப் போகவில்லை. பாதம் சாயங்காலம் வீங்குகிறது என்பாள், அது உண்மையும்கூட. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது, அதை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். அவள் இளைத்தபோது குளத்தங்கரையில் நடக்கிற பெண்கள் பத்துப் பேராவது "எப்படி குறைச்சீங்க" என்று கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் அவளைப் பார்த்தே நடக்க ஆரம்பித்தவர்கள். அவர்கள் முகத்தில் இப்போது எப்படி விழிப்பது? நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இளைத்தால் "ஏன் இப்படி ஆயிட்ட, சுகர் வந்துடுச்சா" என்று கவலையோடு கேட்கிறவர்களே, திரும்ப ஏறியதும் "இப்பதான் முகத்துல களை வந்திருக்கு" என்று மனதாரச் சொல்வார்கள். அளவு கொடுக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அவளுக்கு அது ஒவ்வொரு முறையும் தைத்தது.

நான் செய்த தவறு

2024 மார்ச்சில் நானே அவளிடம் பேச்சை எடுத்தேன். பழைய உணவு அட்டவணையைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நீ ஏற்கனவே ஒரு தடவை செஞ்சவதானே அக்கா, அதையே அப்படியே தொடங்கு" என்றேன். உற்சாகம் ஊட்டுவதாக நினைத்துத்தான் சொன்னேன். அவள் நான்கு நாள் செய்தாள். ஐந்தாம் நாள் ஒரு வளைகாப்பு. ஐந்து வகைச் சாதமும் சாப்பிட்டுவிட்டு வந்தாள், மறுநாள் காலையிலிருந்து அட்டவணை இல்லை, இன்னும் மூன்று மாதத்துக்கு ஒன்றுமில்லை.

ஏன் அப்படி ஆனது? ஒரு காரணம் நமக்கு எல்லாம் தெரிந்ததுதான், தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்கிற மனசு. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975ல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். முதலில் மில்க்‌ஷேக் குடிக்கக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை எடுத்து வைத்தபோது, சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள், எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ மில்க்‌ஷேக் குடிக்காத நாளைவிட அதிகம் சாப்பிட்டார்கள். கட்டு ஒரு இடத்தில் உடைந்ததும், இன்றைய நாள் போனது போனதுதான் என்று ஆகிவிடுகிறது. வாயைக் கட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், இதை நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், படித்ததை என் அக்கா விஷயத்தில் யோசிக்கவில்லை.

இன்னொரு காரணம் அந்த அட்டவணையேதான். அது 2021ன் அக்காவுக்குப் போட்டது. 2024ன் அக்காவுக்கு வயது 47, மாதவிடாய் தாறுமாறாக வர ஆரம்பித்திருந்தது, பாதத்தில் வலி, தூக்கம் கெட்டிருந்தது. அதோடு அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு 67 கிலோதான் ஞாபகம் வந்தது. எட்டுச் சுற்று நடந்தவள் இரண்டு சுற்றுக்கே மூச்சு வாங்கினால் அந்த இரண்டு சுற்று அவள் கணக்கில் வரவே வராது. நான் அவளை ஊக்கப்படுத்துவதாக நினைத்து, இழந்ததை அவள் கண் முன்னால் கொண்டுபோய் மாட்டி வைத்திருக்கிறேன்.

அவள் அப்போது அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: "மனசு வரலடி." மனசு வந்தால் செய்வேன் என்று அவளும், மனசை வரவைக்க வேண்டும் என்று நானும் காத்திருந்தோம்.

காதுகுத்து

ஜூன் கடைசியில் எங்கள் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. முதல் நாள் ராத்திரி பட்டுப்புடவையும் பிளவுஸும் எடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தோம். துணி வெட்டாமல் விட்டிருந்த நான்கு பிளவுஸ்களும் வெளியே வந்தன. நான்கிலும் பக்கவாட்டில் ஊசி போன தடம் மட்டும் மூன்று வரி, நூல் இல்லை, ஓரத்துத் தையல் ஒன்றுதான் மிச்சம். எட்டு மாதமாக எடை பார்க்காதவள், தன் கையாலேயே ஒவ்வொரு வரியாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நோட்டில் இல்லாத கணக்கு முழுக்க அந்தத் தையலில் இருந்தது.

"இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லடி" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, இந்த நான்கு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று தோன்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "மெஷின்ல ஏறச் சொல்லாத. குளத்துக்குப் போகச் சொல்லாத. அந்தப் பழைய பேப்பரக் காட்டாத. வேற ஏதாவது இருந்தா சொல்லு."

முதலில் டாக்டரிடம் போனோம். எடை வேகமாக ஏறினால் தைராய்டு பார்த்துவிட வேண்டும், வேறு ஏதாவது மருந்து காரணமா என்றும் கேட்டுவிட வேண்டும். தைராய்டு சரியாக இருந்தது. சர்க்கரை 6.0. அங்கே நர்ஸ் எடை பார்த்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், 76 என்று எழுதியதை நான்தான் பார்த்தேன்.

அன்று ராத்திரி அவளிடம் இரண்டு ஆய்வுகளைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் டிவி போட்டி ஒன்றில் கடுமையாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹாலின் குழு பரிசோதித்தது, 2016ல் வெளிவந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அது கடுமையான போட்டி, அக்காவின் நிலை அது இல்லை. ஆனால் 2011ல் ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்துச் செய்த ஆய்வு நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் கிட்டத்தில் வரும். எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவாகவும் இருந்தது. உடம்பு தான் இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அவள் கையிலிருந்த பாபினைக் கீழே வைத்தாள். "அப்போ என் வாய் மட்டும் காரணம் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எட்டு மாதமாகத் தன்னைத் தானே என்னென்ன திட்டியிருக்கிறாள் என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது தொடக்கம்

ஆடி மாதம் தொடங்கியது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. முகூர்த்தம் கிடையாது, கல்யாண பிளவுஸ் வராது, கடையில் கொஞ்சம் மூச்சு விடலாம். நான்கு வாரத்துக்கு இரண்டே விஷயம் என்று பேசிக்கொண்டோம். ஒன்று, சனிக்கிழமை காலையில் இஞ்ச் டேப்பால் இடுப்பளவு எடுத்து நோட்டில் எழுதுவது. எடை மெஷின்தான் அவளுக்குப் பகை, டேப் அவளுடைய சொந்தக் கருவி, முப்பது வருடமாக ஊரில் எல்லோரையும் அளந்த டேப். இரண்டு, ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள், அதற்காகவே சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுண்டல். சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. காபியைப் பற்றிப் பேசவே இல்லை.

2024 ஜூலை 20ல் எழுதிய வரி: 38. அவ்வளவுதான், கிலோ இல்லை.

மனசு வந்ததால் அவள் ஆரம்பிக்கவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தாள். அளவும் குறையவில்லை, 38, 38. ஆனால் எட்டு மணிக்குச் சாப்பிட்டதால் பதினொன்றுக்குள் படுத்தாள், காலையில் நெஞ்செரிச்சல் இல்லை. மூன்றாவது வாரம் அவளாகவே காபியை மூன்றாக்கினாள். என்னிடம் சொல்லவும் இல்லை, பால் கணக்குப் போடும்போது தெரிந்தது. அப்போதுதான் சரி, மனசு பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

நடையை மொட்டைமாடியில் தொடங்கினாள், பத்து நிமிடம், யாரும் பார்க்காத இடம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, இவை தினம் பத்துப் பத்து. ஆறு வாரம் கழித்துக் குளத்துக்குப் போனாள், ஆனால் காலையில் போகவில்லை, சாயங்காலம் போனாள். சாயங்காலம் நடக்கிற கூட்டம் வேறு, அவர்களுக்கு 67 கிலோ அக்காவைத் தெரியாது. இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை, அவளே கண்டுபிடித்தாள்.

ஒன்பதாவது வாரம் கட்டிலுக்கு அடியிலிருந்து மெஷினை எடுத்துத் துடைத்து ஏறினாள். 74.8. "எட்டு கிலோ மேல இருக்கேன்" என்றாள். நான் ஒரு கிராஃப் தாளில் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் புள்ளி வைத்துக் காட்டினேன். "86லேர்ந்து பாரு அக்கா, பதினோரு கிலோ கீழ இருக்க." அவள் 67லிருந்து மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தாள். எடை ஏறியவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு தப்பைச் செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஒரு விஷயத்தை அவளிடம் ஒளிக்கவில்லை. அமெரிக்காவில் 1994லிருந்து ஒரு பதிவேடு இருக்கிறது, குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது அதைக் காப்பாற்றியவர்கள் அதில் சேரலாம். அதிலிருந்தவர்களை வைத்து 2003ல் வந்த ஆய்வில், சேர்ந்த முதல் வருடத்தில் எடை ஏறியவர்களில் அடுத்த வருடம் சேர்ந்தபோது இருந்த குறைந்த எடைக்குத் திரும்பியவர்கள் 11 சதவீதம்தான். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அதே ஆய்வில் 96 சதவீதம் பேர் தங்கள் உச்ச எடையைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவாகவே இருந்தார்கள். அக்காவுக்கு அந்தப் பத்து சதவீதம் 8.6 கிலோ. 76ல் இருந்தபோதே அவள் பத்து கிலோ குறைவு. அவள் தோற்றுவிட்டதாக நினைத்திருந்த அந்த ஜூன் மாதத்திலும் அவள் அந்த 96 பேரில் ஒருத்திதான். அதனால் 67ஐக் கைவிட்டோம். 70, ஒன்றிரண்டு கிலோ இப்படி அப்படி, அங்கே நிற்பது என்று முடிவு செய்தோம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்துச் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன, எடை பெரிதாக இறங்காமலே. அம்மாவை நினைத்துப் பயந்தவளுக்கு இதுதான் பெரிய ஆறுதல், நடக்கிற நடை மெஷினில் தெரியாவிட்டாலும் வீணாகாது.

அடுத்த தீபாவளி

2024 தீபாவளி அக்டோபர் 31. இந்த முறை முன்கூட்டியே ஒரே ஒரு விதி வைத்தோம்: இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து அரை இஞ்ச் கூடினால் அன்றைக்கே எனக்கு போன். அந்த இரண்டு மாதம் எடை இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை, நோட்டில் வரி விடுபடக் கூடாது, அது மட்டும்தான்.

கூடியது. நவம்பர் 9 காலை போன் வந்தது. "ரெண்டு வாரமா ஏறியிருக்குடி, ஒன்றரை கிலோவும் கூடியிருக்கு." குரலில் பழைய நடுக்கம் இருந்தது, ஆனால் போன் செய்தாளே! போன தடவை இதே வாரத்தில்தான் நோட்டு நின்றது. மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குக் கொண்டுவா, முறுக்கு டப்பாவை வீட்டுக்கு உள்ளே வை, மற்றது அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஐந்து வாரத்தில் அந்த ஒன்றரை கிலோ போய்விட்டது.

அதன் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மாதம் அரை கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. பிப்ரவரியில் கொஞ்சம் ஏறியது, இறங்கியது. 2025 ஜூனில் 71.4. அக்டோபரில் 70.2, இடுப்பு 35½, சர்க்கரை 5.7. அது இன்னும் விளிம்பில்தான் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். பாதம் மழைக்காலத்தில் வலிக்கிறது, அன்றைக்கு மொட்டைமாடி. என் கிளினிக்கில் எடை திரும்ப ஏறியதாகச் சொல்லி வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் எத்தனை கிலோ ஏறியது என்று முதலில் கேட்பதில்லை, கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். பலர் அதற்குத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பழைய அட்டவணையைக் கையில் கொடுப்பதையும் விட்டுவிட்டேன்.

இந்த வருடத் தீபாவளிக்கு அக்கா தனக்கு ஒரு பிளவுஸ் தைத்தாள், மாம்பழ மஞ்சள். இஸ்திரி போடும்போது உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், பக்கவாட்டில் துணி விட்டு மூன்று வரிசை தையல்.

"மூணு வரிசையா?" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தானே தைக்கிறேன்" என்றாள், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.